தேதித்தாளின் முதுகு

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அ, ஆ பழக வேண்டிய பிள்ளை, பெஞ்சில் உட்காராமலேயே ஒன்றாம் வகுப்பைத் தாண்டி, இரண்டாம் வகுப்புக்குள் பாதியில் நுழைந்தது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளுக்குப் பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தது. பார்க்கலாம், கேட்கலாம், கை பழகுமா? அந்த போனும் அப்பா மில் ஷிப்ட் முடிந்து வந்தால்தான். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகளும் நிறைய. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்து பள்ளிக்கூடத்துச் சொத்து.

தாளுக்கு மட்டும் பஞ்சமில்லை. காலண்டர் அடிக்கும் சிவகாசி பக்கத்தில்தானே! கிழித்த தேதித்தாளின் வெற்று முதுகில் சில வீட்டுப் பாட்டிகள் எழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பென்சிலை முஷ்டியில் இறுக்கிய பேரன், 'ழ'வின் வாலுக்கு இடம் போதாமல் தரையில் இழுத்து முடித்தான்.