டிப்பர் ஊரில் ஓர் ஐ.டி.ஐ. கணக்கு

அரியலூர்ச் சாலைகளில் டிப்பர் லாரிக்கு ஒதுங்காமல் வண்டி ஓட்ட முடியாது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்கும், ஆலையிலிருந்து திரும்பச் சுரங்கத்துக்கும் ஓயாத ஓட்டம். அரசு சிமென்ட் ஆலை போக ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் என்று தனியார் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்துப் பெரம்பலூரில் கல்குவாரியும் கிரஷரும் உண்டு. சென்னை – திருச்சி நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. அறுவடைக் காலத்தில் மக்காச்சோள லாரிகள் வேறு. இத்தனை வண்டி ஓடினால் பட்டறைக்குக் குறைவிருக்குமா?

அதனால்தான் பத்தாவது முடித்த பையன் இருக்கும் வீடுகளில் ஜூன் மாதம் ஒரே பேச்சு: ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா, நேரே பட்டறையில் விடுவதா? இதைக் கேட்டுக்கொண்டுதான் இரண்டு மாவட்டத்திலும் பட்டறைகளில் ஏறி இறங்கினேன்.

பணக்கணக்கை முதலில் முடித்துவிடலாம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் அரசு தருகிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பையன் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்; பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் அதே தொகை. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம். 1,750 வீதம் 24 மாதத்துக்கு 42,000 ரூபாய் கைக்கு வருகிறது. தனியாரில் சேர்ந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும் என்பதால் பெரம்பலூர், ஆலத்தூர், அரியலூர், ஆண்டிமடம் அரசு ஐ.டி.ஐ.களை முதலில் கேட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஆனால் குன்னம் பக்கத்தில் ஒரு தாய் என் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. "பட்டறைக்குப் போனா சனிக்கிழமை கூலி கைக்கு வந்துடும் சார். ரெண்டு வருஷம் சும்மா போறான்னா அவங்கப்பா ஒத்த ஆளா எப்படிச் சமாளிப்பாரு?" என்றார். அவர் சொல்வதுதான் உண்மையான செலவு. அதை எந்த விண்ணப்பப் படிவத்திலும் அச்சடிப்பதில்லை.

பெரம்பலூர் துறைமங்கலம் பக்கம் டிப்பர் வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சின்னப் பையனாக வந்து சேர்ந்தவர். முதல் இரண்டு வருடம் டீசலில் சாமான் கழுவியதும் டீ வாங்கி வந்ததும்தான் படிப்பு. ஸ்பானர் கைக்கு வந்தது அதற்கப்புறம். அந்த வழி இன்று அடைபட்டுவிட்டது, அடைபட்டதும் நல்லதுதான். 2016 சட்டத் திருத்தத்தின்படி 14 வயதுக்குள் எந்த வேலையிலும் சேர்க்கக் கூடாது. 18 வரை ஆபத்தான வேலையில் விடக் கூடாது. ஆனால் அவர் கற்ற முறையில் காதுக்கும் விரலுக்கும் கிடைத்த பயிற்சியை இரண்டு வருடப் பாடத்திட்டத்தில் அடக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"எஞ்சின் ஒரு சிலிண்டர் அடிக்கலைன்னா, நாசில் பைப்பு நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணிப் பார்ப்போம். எதைத் தளர்த்தினா சத்தம் மாறலையோ, அதுதான் செத்த சிலிண்டர். இப்ப அப்படிக் கை வெச்சா கை போயிடும்" என்றார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. பழைய பம்ப் எஞ்சினில் அது எல்லோரும் செய்த வேலை. இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் டீசலின் அழுத்தம் 1,600 பாருக்கு மேல்கூடப் போகும். பீறிட்டு வரும் இழை தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. புகைக்குழாயில் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி, அதன் பின்னே யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பு, இவற்றைக் கவனிக்க வரிசையாக சென்சார்கள். யூரியா தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ கம்ப்யூட்டர் எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடுகிறது. லோடு வண்டி மேட்டில் முக்கி நிற்கும்.

அரியலூருக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. அந்த வடிகட்டியில் சேரும் கரி எரிந்து போக, புகை நல்ல சூட்டில் வர வேண்டும். நெடுஞ்சாலையில் நீள ஓடும் லாரிக்கு அந்தச் சூடு தானாக வந்துவிடும். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இடையே கொஞ்ச தூரம் ஓடி, லோடுக்கு வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் டிப்பருக்கு வருவதில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. போதாததற்குச் சுண்ணாம்புத் தூசி ஏர் ஃபில்டரையும் அடைக்கிறது. "ஸ்கேனர் மாட்டாம கேபினைத் தூக்கவே பயமா இருக்கு சார்" என்று அந்தப் பட்டறைக்காரர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கை பழகிய மனிதர்.

அவரிடம் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் ஒருவர் வேலை பார்க்கிறார். நான் இருந்த நேரத்தில், இழுக்காமல் நின்றுபோன ஒரு வண்டி உள்ளே வந்திருந்தது. ஸ்கேனர் ஒரு சென்சாரைக் குறை சொன்னது. சென்சாரை மாற்றிவிடலாம் என்று டிரைவர் அவசரப்பட்டார். இளைஞர் மாற்றவில்லை. மல்டிமீட்டரை வைத்து இணைப்பில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, வயர்தான் எங்கோ அறுந்திருக்கிறது என்றார். எங்கே? அதைச் சொன்னவர் முதலாளி. "சேஸிஸ் வளைவுல கிளிப்பு விட்டிருக்கும், அங்கதான் உரசும், பாருடா" என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னார். அங்கேதான் தோலுரிந்து கிடந்தது.

இரண்டு பேரில் ஒருவர் இல்லாவிட்டால் அன்று நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்திருப்பார்கள்.

அந்த இளைஞரிடம் ஐ.டி.ஐ. என்ன கொடுத்தது என்று கேட்டேன். "மீட்டர் பிடிக்கவும் சர்க்யூட் படம் படிக்கவும் அங்கதாண்ணே கத்துக்கிட்டேன். ஆனா நாங்க பிரிச்சுப் பூட்டின எஞ்சின் பழசு. பி.எஸ்.6 எஞ்சினைப் பக்கத்துல பார்த்ததே இங்க வந்துதான்" என்றார். படித்த இடத்தின் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சான்றிதழால் பட்டறையில் சம்பளம் கூடாது. கை வேலைக்குத்தான் கூடும். சான்றிதழ் திறக்கும் கதவுகள் வேறு. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வுக்கு ஏற்கப்படும் பிரிவுகளில் மோட்டார் மெக்கானிக்கும் டீசல் மெக்கானிக்கும் உண்டு. தொழிற்பழகுநராகச் சேர்ந்தால், 2019இல் திருத்திய விதிகள் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. லப்பைக்குடிக்காடு போன்ற வளைகுடா செல்லும் ஊர்களில் கேட்டுப் பாருங்கள், காகிதத்தின் அருமையை அவர்கள் சொல்வார்கள்.

இங்கே பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. டீசல் மெக்கானிக் பிரிவு ஒரே வருடம் என்பதால் பையன்கள் அதில் தாவுகிறார்கள். பத்தாவதுக்குப் பின் இரண்டு வருடப் பிரிவை முடித்தால்தான் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொழிப் பாடங்களை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணைச் சான்றும் பெறலாம். ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்கப் போய் இந்த இரண்டையும் இழக்கிறார்கள்.

ஆகவே பெற்றோருக்கு என் சொல் இதுதான்: இரண்டு வருடப் பிரிவில், அரசு ஐ.டி.ஐ.யில் சேருங்கள். பையனுக்கு 18 ஆனதும் விடுமுறை நாளிலாவது ஒரு நல்ல பட்டறையில் நிற்க விடுங்கள். ஏற்கெனவே பட்டறையில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 21 வயதும் மூன்று வருட அனுபவச் சான்றும் இருந்தால் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வை எழுதலாம். நான் பார்த்த பட்டறைகளில் இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தரம் உயர்த்தும் திட்டத்தில் ரோபோவும் மின்வாகனமும் வந்திருக்கின்றன, நல்லது. ஆனால் இந்த இரு மாவட்டங்களில் இன்னும் பல வருடத்துக்கு ஓடப்போவது டீசல் டிப்பர்தான். சுண்ணாம்புக்கல் எடுப்பவர்கள் ராயல்டியோடு சேர்த்து மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பங்கு கட்டுகிறார்கள். 2015 சட்டத் திருத்தம் கொண்டுவந்த ஏற்பாடு இது. அந்த நிதியை முன்னுரிமையோடு செலவிட வேண்டிய இனங்களில் திறன் பயிற்சியும் உண்டு. ஒவ்வோர் அரசு ஐ.டி.ஐ.க்கும் ஓடும் நிலையில் ஒரு பி.எஸ்.6 டிப்பர் எஞ்சின், புகைக்குழாய் அமைப்பு முழுதும் சேர்த்து, ஒரு லாரி ஸ்கேனருடன் வாங்கித் தர அந்தப் பணத்திலிருந்து ஒதுக்க வேண்டும். அரியலூர் மாவட்ட நிர்வாகம் இதில் முதல் அடி எடுத்து வைக்கட்டும்.