உத்திரத்தைத் தட்டிப் பார்த்தல்

“சர்வேயா? அதான் நாலு மூலையிலயும் கல் ஊன்டியாச்சே தம்பி. வரைபடம் வேணும்னா பீரோவுல இருக்கு, எடுத்துத் தரவா?” என்றார் சித்தப்பா.

பிழை என்னுடையதுதான். எங்கள் பக்கத்தில் சர்வேயர் என்றால் சங்கிலியோடு வந்து நிலத்தை அளப்பவர். 1802இல் பரங்கிமலை அருகே லாம்ப்டன் அடிக்கோட்டை அளந்த காலந்தொட்டு அந்தச் சொல் நமக்கு எல்லைகளைப் பற்றியதாகவே இருந்துவருகிறது. எல்லைக்குள் நிற்கும் சுவர் நலமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்பவருக்கு நாலு பேர் அறிந்த பெயர் தமிழில் இல்லை. ‘கட்டட ஆய்வு’ என்று சொல்லிப் பார்த்தேன். முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயல்போல ஒலித்தது. அன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டுக் காபி குடித்துத் திரும்பினேன்.

வடுகபட்டியில் பூண்டு மண்டிகளுக்குப் பின்னால் உள்ள தெருவில் இருக்கிறது அந்த வீடு. என் தந்தை ஒரு மண்டியில் கணக்கெழுதியவர். சித்தப்பா என்று நான் அழைப்பவர் அவருடைய நண்பர்; இரத்த உறவு இல்லை. 1959இல் வைகை அணை திறக்கப்படும் முன்பே, நீருக்குள் போகவிருந்த ஊர்களிலிருந்து கிளம்பிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ படித்தவர்களுக்கு அந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் தந்தையார் அங்கிருந்த வீட்டைப் பிரித்து, நிலைக்கதவையும் உத்திரங்களையும் மாட்டு வண்டியில் ஏற்றிவந்து இங்கே காரைவீடாகக் கட்டினார். சுண்ணாம்பும் செங்கல்லும் இவ்வூருடையவை. மரம் மூழ்கிய ஊருடையது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, இப்போது சித்தப்பா அதை விற்கிறார். மதுரையின் அடுக்ககத்தில் மூச்சுத் திணறும் என் அம்மாவுக்கு அந்தத் தெருவிலேயே முதுமையைக் கழிக்க ஆசை. சேமநிதியில் எடுத்த பணம், மீதிக்கு வங்கிக் கடன்.

நாங்கள் எதையும் சரிபார்க்காமல் இறங்கவில்லை. முப்பது வருட வில்லங்கம் பார்த்தோம். மூலப்பத்திரத்தை வக்கீல் வரிவரியாகப் படித்து, ஓரிடத்தில் பாட்டனார் பெயரின் தலைப்பெழுத்து மாறியிருப்பதைக்கூடக் கண்டுபிடித்தார். வாஸ்து தெரிந்த உறவினர் ஒருவர் ஈசானிய மூலையில் நின்று தலையாட்டினார். வங்கியின் மதிப்பீட்டாளர் பத்து நிமிடம் வந்தார். நீள அகலம் அளந்தார், வாசலில் நின்று படம் எடுத்தார், ‘எஞ்சிய ஆயுள் முப்பது ஆண்டுகள்’ என்று எழுதிக் கொடுத்தார். கடன் திரும்பாவிட்டால் வீட்டை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. அவர்மீது குறையில்லை. ஆனால் இத்தனை பேர் வந்துபோனதில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

இந்தச் சந்தேகத்தை என்னுள் விதைத்தவள் இங்கிலாந்தில் வசிக்கும் என் பழைய மாணவி. அங்கே வீடு வாங்குபவரே தன் செலவில் பட்டயம் பெற்ற ஆய்வாளர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்வார். ஆய்வில் மூன்று நிலைகள். பழைய வீடென்றால் மூன்றாம் நிலை நல்லது என்பார்கள். கூரை, சுவர், ஈரம், மரம் என ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் குறித்து அறிக்கை தருவார்கள். அவள் வாங்கவிருந்த வீட்டின் அறிக்கையில் புகைபோக்கிக்குச் சிவப்பு விழுந்திருந்ததாம். “நம்ம ஊர்ல யாரு சார் இதைப் பார்ப்பாங்க?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் தயங்கியது செலவுக்கு அல்ல. நெடுநல்வாடை நடத்தும்போதெல்லாம், நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்து, கயிறு பிடித்துத் திசை குறித்து அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதியில் நான் அதிக நேரம் நின்றுவிடுவேன். சங்கப் பாட்டில் வீடு கட்டுகிறார்கள், பிரிகிறார்கள், காத்திருக்கிறார்கள். பழைய வீட்டை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. வாங்கியிருந்தால், தந்தையின் நண்பர் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சுவரைத் தட்டிப் பார்க்கும் மகனின் முகம் எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு துறையே வகுத்திருப்பார்கள். எங்கள் ஊரில் வீட்டைச் சந்தேகப்படுவது ஆளைச் சந்தேகப்படுவதுதான். “உங்கப்பன்கிட்ட நான் ஒரு பொய் சொன்னதில்ல” என்று சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார். அது உண்மை.

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவை வக்கீல் எடுத்துக் காட்டினார். வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறை ஏதும் விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அவர் அதைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது அது. ‘தெரிந்திருந்தால்’ என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். சித்தப்பா தெரிந்ததை மறைக்கமாட்டார். அவருக்கே தெரியாததை அவர் எப்படிச் சொல்ல முடியும்?

முடிவு செய்தது அம்மா. கொடைக்கானல் மலைப்பூண்டு வந்து இறங்கும் ஊரில் வாழ்ந்தவர். “உள்ள பல்லு சொத்தையான்னு நசுக்கிப் பாக்காம இந்த ஊர்ல எவனாவது கால் கிலோ பூண்டு வாங்குவானா? நசுக்குனா மண்டிக்காரன் கோவிச்சுக்கிறானா?” என்றார். பிறகு அவரே சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. “வரச் சொல்லுங்க மதினி” என்று அவர் சொன்னது மட்டும் வெளியே கேட்டது.

வந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர். கூடவே சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஒருவர். கட்டணம் ஆறாயிரம், போக்குவரத்து தனி. ரசமட்டம், தூக்குக்குண்டு, ஒரு சுத்தியல், கூர் தீட்டிய கம்பி, டார்ச் விளக்கு, ஈரம் காட்டும் சிறு கருவி, அவ்வளவுதான் ஆயுதங்கள். நான் பயந்துகொண்டிருந்தது பின்கட்டுச் சமையலறையைப் பற்றி. 1990 வாக்கில் போட்ட கான்கிரீட் தளம்; காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லிளித்துக்கொண்டிருந்தது. இரும்பு துருவேறினால் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும் என்று விளக்கினார் பொறியாளர். செலவு உண்டு, சரிசெய்யலாம் என்றார்.

முன்கட்டில்தான் நேரம் எடுத்தார்கள். ஏழு உத்திரங்கள். கொத்தனார் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். கண்டாமணிபோல் இல்லாவிட்டாலும் இறுக்கமான ஓசை. மூன்றாவது உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஓசை மாறியது. எனக்கே கேட்டது. கம்பியை வைத்து அழுத்தினார்; நான்கு விரற்கடை உள்ளே போனது. பெயின்ட் பளபளவென்றிருந்தது. உள்ளே செல் அரித்து வெறும் கூடு.

காரணம் வெளிச்சுவரில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மழைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு குடித்த ஈரத்தைத் திருப்பி விட்டுவிடும், சிமென்ட் விடாது. தேங்கிய ஈரத்தில் சுவருக்குள் இருந்த மரமுனை ஊறியது. கரையானுக்கு வேறென்ன வேண்டும்? “சமையக்கட்டு கூப்பாடு போடுது சார். இது வாயே தொறக்கல” என்றார் கொத்தனார்.

சித்தப்பா அதுவரை வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்து வந்து ஏணிக்குக் கீழே நின்றார். அந்த மூன்றாவது உத்திரத்துக்கு நேர் கீழேதான் அவருடைய கட்டில் கிடந்தது.

“ஆறு மாசமா விடிஞ்சா தலகாணியில மாவாட்டம் கெடக்கும். சுண்ணாம்பு உதிருதுன்னு தட்டிவிட்டுட்டுப் படுத்துக்குவேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “நான் ஒன்கிட்ட எதையும் மறைக்கல தம்பி.”

“தெரியும் சித்தப்பா.”

அன்று மாலையே இரண்டு சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்தோம். கட்டில் திண்ணைக்குப் போனது. உத்திரத்தை மாற்ற, சிமென்ட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூச, பின்கட்டைச் சீராக்க ஆகும் தொகையைப் பொறியாளர் எழுதித் தந்தார். கேட்காமலேயே அந்த முழுத் தொகையையும் விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னார் சித்தப்பா. நான் மறுக்க, அவர் குரலை உயர்த்த, கடைசியில் அம்மா பாதிக்குப் பாதி என்று தீர்த்துவைத்தார்.

கிரயம் தை மாதத்தில். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது சித்தப்பா ஒன்று கேட்டார். அந்த உத்திரத்தைக் கழற்றும்போது கெடாத பகுதி எத்தனை அடி தேறும்? எட்டடி தேறும் என்று கொத்தனார் சொன்னதாகச் சொன்னேன்.

“வெறகுக்குப் போட்டுராத. எனக்கு எடுத்து வையி” என்றார்.