பற்றுப் பக்கம்

நெல்லைக் களத்திலேயே பங்கு பிரித்த காலத்தைப் பார்த்தவர்கள் கொடுமுடிப் பக்கம் இனி அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். தை பிறந்து அறுப்புத் தொடங்கினால் எங்கள் களத்தில் ஆள் அரவம் ஓயாது. கதிர் அடித்து, தூற்றி, பொலி குவித்து, குவியலின் உச்சியில் சாணிப் பிள்ளையார் வைத்து அருகம்புல் செருகிய பிறகுதான் அப்பாரு, என் தாத்தா, நெல் அளக்கும் வள்ளத்தைக் கையில் எடுப்பார். முதல் வள்ளம் கொடுமுடிக் கோயில் மகுடேசுவரருக்கு. அப்புறம் பண்டாரம், ஆசாரி, நாவிதர், ஏகாலி என்று ஒவ்வொருவராக வந்து துண்டை விரிப்பார்கள். வருசம் முழுக்கக் கலப்பை செதுக்கியதற்கும், சவரம் செய்ததற்கும், வெள்ளாவி வைத்ததற்கும் அன்றைக்குத்தான் கூலி. எல்லாரும் வாங்கிப் போன பிறகு, கடைசியில், பண்ணையத்து ஆள். பேசிய கூலி போக, மூட்டைகள் வண்டியேறியதும் களத்தைக் கூட்டி அள்ளுகிற மண் கலந்த நெல்லும் அவருக்குத்தான். அவர் சம்சாரம் அதை முறத்தில் புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டு பொழுது விழும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

“நம்ம களத்துல இருந்து வெறுங்கையோட போனவன் ஒருத்தனுமில்ல” என்பார் அப்பாரு. அது உண்மை. அந்த உண்மையின் மேல்தான் எங்கள் வீட்டுப் பெருமை அத்தனையும் நின்றது.

அந்த நெல்லை விளைவித்தது காலிங்கராயன் வாய்க்கால். பவானி ஆற்றைக் காவிரியில் கலக்குமுன் அணையில் மறித்துத் திருப்ப, ஈரோட்டைச் சுற்றி வளைந்து வளைந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் வந்து, கொடுமுடிக்குப் பக்கத்தில் ஆவுடையார்பாறையில் நொய்யலைத் தொடுகிற வாய்க்கால். 15,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயர் வெட்டியது. தன் காடு செழிக்கத்தான் வெட்டிக்கொண்டார் என்று ஊரார் பேசியது காதில் விழுந்ததும், இந்தத் தண்ணீரை நானும் என் வம்சமும் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டு, குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்பது எங்கள் பக்கத்துக் கதை. அப்பாரு இந்தக் கதையைக் கட்டிலில் படுத்துக்கொண்டு எத்தனையோ இரவு சொல்லியிருக்கிறார். கதையாகவே இருக்கட்டும். உண்டாக்கிய ஒருவன் அதில் தனக்குப் பங்கு வேண்டாமென்று போனான் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த நாங்கள், அந்தத் தண்ணீரில் யாருக்குப் பங்கே இல்லை என்று கேட்டதில்லை. பண்ணையத்து ஆட்கள் குடியிருந்த வளவைத் தொட்டுக்கொண்டுதான் வாய்க்கால் ஓடியது. வளவில் இருந்த ஒருவர் பேரிலும் ஒரு மடை கிடையாது.

நாங்கள் கவுண்டர் வீடு. வளவில் இருந்தவர்கள் அருந்ததியர். மஞ்சள், கரும்பு, வாழை, நெல் என்று வாய்க்கால் பாசனத்தில் இருந்த எந்தப் பயிரும் அவர்கள் கை படாமல் வளர்ந்ததில்லை. எங்களுக்கு மேற்கே சில மைல் போனால் மேட்டாங்காடு. சோளமும் கம்பும் மழையை நம்பித்தான். அங்கிருந்தும் அறுப்புக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆனால் வருசம் பூரா, ராத்திரி பகலாக எங்களோடு இருந்தவர்கள் பண்ணையத்து ஆட்கள்தான்.

எங்கள் பண்ணையத்து ஆளின் மூத்த மகனுக்கும் எனக்கும் ஒரே வயது. கோழி கூப்பிட வந்துவிடுவான். கட்டுத்தரை கூட்டி, சாணி அள்ளி, பட்டியைத் திறந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு இட்டேரியில் போவான். அதே இட்டேரியில்தான் நான் பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. பனைமரத்தடி வரைக்கும் பழமை பேசிக்கொண்டே போவோம். எந்தப் புற்றில் உடும்பு இருக்கிறது, எந்த மரத்தில் கிளி குஞ்சு பொரித்திருக்கிறது என்பதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பனைமரம் வந்ததும் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவனுடைய வருசக் கூலி அவன் அப்பன் கையில் போய்ச் சேர்ந்தது. இத்தனை வள்ளம் கம்பு, ஒரு வேட்டி துண்டு, தீவாளி நோம்பிக்குக் கொஞ்சம் காசு.

ஆத்தாளுக்கு அவன் மேல் உயிர். களி கிண்டினால் அவனுக்கு என்று ஒரு உருண்டை கூடுதலாக எடுத்து வைப்பாள். காய்ச்சல் என்றால் கசாயம் வைத்து வளவுக்குக் கொடுத்தனுப்புவாள். அதே ஆத்தாள்தான் அவனுடைய தூக்குப்போசியைத் தொடாமல் மேலே இருந்து சோற்றைப் போடுவாள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் குவித்த கையில் ஊற்றுவாள். அவனுடைய அப்பன் என் அப்பாவைவிட மூத்தவர். எங்கள் வீட்டில் நடை பழகும் குழந்தைகூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். அவர் அந்தக் குழந்தையைச் ‘சாமி’ என்பார். பாசமும் இருந்தது, தீட்டும் இருந்தது, இரண்டும் ஒரே கையில் இருந்தன. அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் பாசத்தை மட்டும் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை.

அப்பாருவின் பற்று வரவு நோட்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. மஞ்சள் மண்டிக்கு ஒரு பக்கம், உரக்கடைக்கு ஒரு பக்கம். பண்ணையத்து ஆளுக்கும் ஒரு பக்கம் உண்டு. பிள்ளைக் காய்ச்சலுக்கு என்று ஒரு வரி. தங்கச்சி கண்ணாலத்துக்கு என்று ஒரு வரி. சாளைக்கு ஓலை மேய, எழவுச் செலவு, நோம்பிக்கு மேற்கொண்டு வாங்கியது. எல்லாம் பற்று. அவர் அப்பன் வாங்கிய பாக்கியும் அந்தப் பக்கத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது. அப்பன் செத்ததும் கூட்டுத் தொகையை அப்படியே மகன் பேருக்கு மாற்றி எழுதியிருந்தார்கள். அது குறைந்து நான் பார்த்ததில்லை. பாக்கி இருக்கிறவரைக்கும் வேறு பண்ணையத்துக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புதிதாக வைத்துக்கொள்கிறவர் அந்தப் பாக்கியைக் கட்ட வேண்டும். கட்டினால் பாக்கி அங்கே போகும், ஆளும் அங்கே போவார்.

நடுராத்திரியில் முறைத் தண்ணீர் வரும்போது மண்வெட்டியோடு போய் மடை திருப்பியதற்கு அந்த நோட்டில் வரி இல்லை. மஞ்சள் வேக வைக்கும் நாட்களில் கொப்பரைக்குப் பக்கத்திலேயே புகையில் கிடந்ததற்கு இல்லை. சம்சாரம் வந்து வாசல் தெளித்து மாட்டுக்குத் தீனி போட்டதற்கு இல்லை. மகன் பள்ளிக்கூடம் போகாததற்கு இல்லை. யார் யாருக்குக் கடன் என்பதை எங்கள் வீடு ஒரு பக்கமாக மட்டும் எழுதிக்கொண்டே வந்தது. எங்கள் பேரில் ஒரு பற்றுப் பக்கம் அந்த நோட்டில் எங்குமே இல்லை.

1975இல் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. இந்த மாதிரியான பாக்கிகள் எல்லாம் செல்லாது என்றது சட்டம். எங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தை யாரும் கிழிக்கவில்லை. அப்பாரு எழுதுவதை நிறுத்தினார், வாய்க்கணக்கு தொடர்ந்தது. “சர்க்கார் சொன்னா ஆச்சா? அவனுக்கு நாம பாக்காம ஆரு பாப்பா?” என்று கேட்டார். மனசாரத்தான் கேட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் நல்லவர் என்பதுதான் இதில் கனமான சங்கதி. நல்லவர்கள் கூடி நடத்திய ஏற்பாடுதான் அது.

கொடுமுடி என்றதும் வெளியூர்க்காரர்கள் கே. பி. சுந்தராம்பாளைச் சொல்வார்கள். 1908இல் இங்கே பிறந்தவர். வறுமையில், சின்ன வயதில், ரயிலில் பாடிக் காசு வாங்கியவர் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் குழந்தை வளர்ந்து நாடக மேடை ஏறி, 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சுந்தராம்பாளுக்குச் சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அந்நாளில் யாரும் கேட்டிராத தொகை. படத்தின் பிரதி இன்று இல்லை. பண்ணையாள் நந்தனாரிடம் நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிற அந்த வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தன் சரித்திரக் கீர்த்தனையில் படைத்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்ணையை அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஏனென்றால் நான் பார்த்திருக்கிறேன். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் முத்தரித்துக்கொண்டு பழனிக்கு நடந்து போவார்கள். ஊரே தீர்த்தக் காவடியாக இருக்கும். ஒரு வருசம் எங்கள் பண்ணையத்து ஆள் வாசலுக்கு வெளியே நின்று, “ஒருக்கா நானும் பழனிக்குப் போயிட்டு வந்தர்றனுங்க சாமி” என்றார். அப்பாரு கோபப்படவில்லை. “மஞ்சள் வெந்து முடியட்டும், பொறவு போ” என்றார். மஞ்சள் வெந்து முடிந்தபோது உத்திரம் முடிந்திருந்தது. கதையில் நாற்பது வேலியும் ஒரே இரவில் விளைந்து நின்றது. எங்கள் காட்டில் கொப்பரைக்கு அடியில் இரவெல்லாம் சோகை தள்ளியது அவர்தான்.

1969இல் சுந்தராம்பாள் சொந்த ஊரில் கே.பி.எஸ். தியேட்டரைத் திறந்தார். எழுபதுகளில் எங்களுக்கு எல்லாம் அதுதான் உலகம். பண்ணையத்து ஆளும் மகனும் தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள். டீக்கடையில் கொட்டாங்குச்சி, கோயிலில் எட்ட நிற்பது என்றிருந்த ஊரில், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தால் உள்ளே விட்டார்கள், எங்கேயும் உட்காரலாம், பக்கத்தில் இருப்பவர் எழுந்து போக முடியாது. ஆத்தாளின் பாசம் கொடுக்காததை ஒரு தரை டிக்கெட் கொடுத்தது. இதை நான் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். காசு மனிதர்களைப் பிரிக்கிறது என்பது சரிதான். ஆனால் காசே கையில் இல்லாமல், நெல்லும் கம்பும் பழைய வேட்டியுமாகவே கூலி வாங்கிய ஒருவருக்கு, தன் கைக்காசு என்பது முதல் விடுதலை.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது என்னோடு இட்டேரியில் வந்தவனின் கடைசித் தம்பி ஆடு மேய்க்கப் போகாமல் பள்ளிக்கூடம் போனான். தம்பிகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். பண்ணையம் இருக்க ஆள் இல்லாமல் போனது. 2008இல் எங்கள் மாவட்டத்துக்கும் நூறு நாள் வேலை வந்தது. அதே வருசம் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய் அரிசி. 2011இல் அதுவும் இலவசம். யார் வீட்டுப் புழக்கடையிலும் போசியை நீட்டாமல் சோறு கிடைத்தால், கூலி கட்டாது என்று ஒருவர் தைரியமாகச் சொல்லலாம். எங்கள் மூன்று தலைமுறை கொடுத்துக் கொடுத்தும் கொடுக்காத தைரியம் அது.

இன்றைக்கு எங்கள் சாதிக்காரர்கள் எந்தக் கண்ணாலத்தில் கூடினாலும் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. இலவசம் கொடுத்து ஆட்களைச் சோம்பேறியாக்கிவிட்டார்கள் என்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் போராடியவர்கள் நம் விவசாயிகள். 1972இல் கோவையை மாட்டுவண்டிகளால் நிறைத்தார்கள். உயிரையும் கொடுத்தார்கள். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் அதன் தொடர்ச்சியாகத்தான் வந்தது. அதை உரிமை என்று நான் இன்றும் சொல்வேன். அப்படியானால் எங்கள் கிணற்று மோட்டாருக்கு ஓடுகிற மின்சாரம் உரிமை, அவர்கள் அடுப்பில் வேகிற அரிசி மட்டும் எப்படிப் பிச்சை? நிலம் வைத்திருப்பவனுக்கு நட்டம் வந்தால் கடன் தள்ளுபடி கேட்கிறோம். நிலமே இல்லாதவருடைய பாக்கியைத் தலைமுறை தாண்டி எழுதி வைத்திருந்த வீடு எங்களுடையது.

பழையது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதோடு போன ஒன்றை நினைத்துக் கவலைப்படுகிறேன். இப்போது மஞ்சள் வெட்ட ஆட்களை அழைத்து வருகிறவர் ஒருவரிடம் போனில் பேசிவிடுகிறோம். வண்டியில் வந்து, வெட்டிக் குவித்து, பணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நாளைக்குக் காய்ச்சல் என்றால் எங்களில் யாருக்கும் தெரியாது. முன்பு அப்பாரு “ஆரு பாப்பா” என்று கேட்டதில் ஆணவம் இருந்தது, ஆனால் கேள்வி சரியான கேள்விதான். அதற்குப் பதில் ஒரு வீட்டின் இரக்கத்தில் இருக்கக் கூடாது. நியாயமான கூலியில், வைப்பு நிதியில், 2023இல் 1,200 ரூபாய் ஆக்கப்பட்ட முதியோர் உதவித்தொகையை மானத்தோடு வாழ்கிற அளவுக்கு உயர்த்துவதில், அதற்கான வரியை முணுமுணுக்காமல் நாங்கள் கட்டுவதில் இருக்க வேண்டும்.

ஆடு ஓட்டிக்கொண்டு என்னோடு இட்டேரியில் வந்த அவன், இப்போது அவர் என்றே சொல்கிறேன், போன வருசம் கொடுமுடி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தார். பேத்தி நர்சிங் படிக்கிறாள் என்றார். வளவுக்குள் ஆம்புலன்ஸ் வர முடியாமல், அவர் சம்சாரத்தைக் கட்டிலோடு ரோடு வரைக்கும் தூக்கி வந்த விஷயத்தையும் சொன்னார். வளவுக்குப் போகிற தடம் எங்கள் காட்டோரமாகத்தான் போகிறது. இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலம்தான் இருக்கும். அதை வண்டி போகிற அளவுக்கு விட்டு ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க என் பங்குக்கு நான் சம்மதித்துவிட்டேன். பங்காளிகள் இரண்டு பேர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காட்டு விலை இன்றைக்கு என்ன தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியும். ஆடி பதினெட்டுக்கு எல்லாரும் ஊருக்கு வருவார்கள். அப்போது அந்தச் சிவப்பு நோட்டின் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து பேசப் போகிறேன்.