பிறர் நாவில் இட்ட பாட்டு

காட்டுமன்னார்கோயிலுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு பழையது. வீரநாராயணபுரம் என முன்பு வழங்கிய இவ்வூரில் தோன்றிய நாதமுனிகள், ஆழ்வார்களின் பாசுரங்களைத் தேடித் தொகுத்து, இசையமைத்து, தம் சகோதரியின் மக்கள் இருவருக்குக் கற்பித்தார் என்பது வைணவ மரபு. அரிதிற் கண்டெடுத்த பாட்டைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பிறர் நாவில் இட்டார் என்பதே அவ்வரலாற்றில் நம்மைப் பெரிதும் தொடுவது.

நம் காலத்தில் அப்பணியைச் செய்தவர் எம். பி. சீனிவாசன். 1925-இல் பிறந்த அவர், ‘பாதை தெரியுது பார்’ (1960) என்னும் தமிழ்ப் படத்துக்கும் மலையாளப் படங்கள் பலவற்றுக்கும் இசையமைத்தார். ஜேசுதாசைத் திரைக்கு முதன்முதலில் பாடவைத்தவரும் அவரே. அப்புகழே போதுமென அவர் இருந்துவிடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். ஒற்றைக் குரலின் நுட்பத்தில் சிறந்த நம் இசை மரபோடு மேலைநாட்டுப் பல்குரல் முறையை இணைத்து, பாரதியின் பாடல்களைப் பலரும் கூடிப் பாடச்செய்தார். பள்ளிச் சிறுவர்களைப் பெருந்திரளாய் நிறுத்திப் பாடவைத்தார். 1988 மார்ச்சில், இலட்சத்தீவுக்கு மாணவர்களைப் பாடப் பழக்கச் சென்ற இடத்தில் இயற்கை எய்தினார். அவர் பொதுவுடைமை இயக்கத்தவர். நம் ஆலயங்களுக்கு உரியவர் அல்லர். ஆயினும் ஆலயத்தில் நாம் செய்யத் தவறியதை நமக்கு உணர்த்தியது அவர் வாழ்க்கையே.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் பாடகர் குழுவைச் சீர்படுத்தினோம். கீபோர்டு வந்தது, குழுவினர் எண்மருக்கும் ஒலிவாங்கி வந்தது. முன்வரிசையில் அமரும் மூதாட்டி ஒருவர் ஒவ்வோர் அடியையும் குழுவுக்குச் சற்றுப் பிந்தி, சுருதி விலகி, உரக்கப் பாடுவார். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவரை அழைத்து, “கொஞ்சம் மெதுவாகப் பாடுங்கள் அம்மா” என்றோம். “சரிங்க சாமி” என்றார். அடுத்த ஞாயிறு முதல் அவர் வாய் திறக்கவில்லை. நாளடைவில் அவருக்குப் பின்னிருந்த வரிசைகளும் ஓய்ந்தன. பாட்டு நன்றாகவே இருந்தது; மக்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்கிறது. இறைமக்கள் அனைவரும் தமக்குரிய பங்கை ஆற்றும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அதே இடத்தில் மேய்ப்பர்மேல் வைக்கிறது. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதினோம். முதற்பாதியை மட்டுமே நிறைவேற்றினோம்.

கடந்த தவக்காலத்தில் ஒலிவாங்கிகளை அணைத்தோம். இப்போது திருப்பலிக்கு முன் பத்து நிமிடம் குழுவினர் மக்களிடையே நின்று, அன்றைய பாட்டை அடியடியாகச் சொல்லிக்கொடுக்கின்றனர். முதல் வாரம் முனகல்தான் கேட்டது. இன்று ஆண்கள் பகுதியிலிருந்தும் குரல் எழுகிறது. சுருதி பலவாறு விலகுகிறது.

அம்மூதாட்டியின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். “இப்ப மூச்சு வாங்குது சாமி. எல்லாரும் பாடுறாங்களே, அது போதும்” என்றார். ஞாயிறுதோறும் முன்வரிசைக்கு வருகிறார். பாட்டு எழும்போது அவர் உதடுகள் அசைகின்றன. ஓசை மட்டும் பீடம் வரை எட்டவில்லை.