ஒன்பதாம் திங்கள்

கல்லூரியில் பிள்ளைத்தமிழைப் பாடமாகப் படித்தபோது, அதன் பத்துப் பருவங்களையும் வரிசை பிறழாமல் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என ஏழும் இருபாலார்க்கும் பொது. எஞ்சிய மூன்றும் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. அந்த அட்டவணைக்குள் உயிருள்ள குழந்தை ஒன்று தவழ்ந்துகொண்டிருக்கிறது என்பதை உணர எனக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயின. உணர்த்தியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். பேசாதிருந்த என் மகனும், எழுத்தறியாத என் அன்னையுமே.

2016இல் மகன் பிறந்தபோது, தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பொன்றின் மூன்றாம் மாடியில் இருந்தோம். ஆண் ஊழியர்க்குரிய 15 நாள் விடுப்பில் பாதி, சான்றிதழ் வரிசைகளில் நின்றே கழிந்தது. பிறகு, காலை எட்டரைக்குப் புறப்பட்டு இரவு ஏழுக்குத் திரும்பும் வழக்கமான வாழ்வு. உற்றார் உதவியின்றி என் மனைவி தனியொருத்தியாய் அனைத்தையும் சுமந்தாள். கைப்பேசியைக் கையில் கொடுத்தால் குழந்தை அழாது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். உண்ணவும் அது, உறங்கவும் அது என்றாயிற்று. "எவ்வளவு சாதுவான பிள்ளை!" என்று அண்டை வீட்டார் மெச்சினர். நாங்களும் பூரித்தோம். இன்று நினைக்க நாணமாயிருக்கிறது.

இரண்டு வயது நிறைந்தும் 'அம்மா' என்பதற்கு மேல் அவன் வாயில் ஒரு சொல் எழவில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவது அரிது. மருத்துவமனையில் முதலில் செவியைச் சோதித்தார்கள், குறையேதும் இல்லை. பிறகு மருத்துவ அம்மையார் என்னை நோக்கி, "நாளொன்றுக்கு நீங்கள் இவனோடு எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள்?" என்று வினவினார். எவ்வினாவுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று குறிப்பெழுதிப் பழகிய எனக்கு விடை எழவில்லை. கைப்பேசிதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. பேச்சுத் தாமதத்திற்குக் காரணங்கள் பல. ஆயினும் திரையை அறவே நிறுத்தச் சொன்னார். வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சிக்கும் அழைத்து வரச் சொன்னார். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று மறு ஆண்டு, 2019இல், உலக சுகாதார நிறுவனம் நெறிமுறை வெளியிட்டபோது, அது என் முகவரிக்கே வந்த ஓலை போலிருந்தது.

செய்தி கேட்டு, கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூரிலிருந்து அம்மா வந்து சேர்ந்தார். பொம்மை ஒன்றும் கொணரவில்லை. வந்த அன்றே பேரனை மடியிலிருத்தி, அவன் உள்ளங்கையை விரித்துத் தம் முழங்கையால் பருப்புக் கடைந்தார். கடைந்ததை விரல் விரலாக மடக்கி, அப்பாவுக்கு, அம்மாவுக்கு, தாத்தாவுக்கு என்று பங்கிட்டார். பிறகு இரு விரல்கள் நண்டாகி அவன் கைவழியே ஊர்ந்தன. அக்குளை நெருங்கியதும் சட்டென்று நின்றன.

அந்த நிறுத்தத்தைப் பற்றி நான் பிறகு நெடுநாள் எண்ணியதுண்டு. கிச்சுக்கிச்சு எப்போது வரும் என்று அறியக் குழந்தை எதிரிலுள்ள முகத்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்கிறான், காத்திருக்கிறான், தன் முறை வந்ததும் சிரிக்கிறான். உரையாடலில் பாதி இதுதானே! திரையில் ஓடும் பாட்டோ எவர்க்கும் காத்திராமல் ஓடிக்கொண்டேயிருக்கும். நான்காம் நாள், அவனே வந்து பாட்டியின் முன் கையை நீட்டினான். பத்து நாட்கள் கழித்து, நீட்டிய கையோடு "நன்னு" என்றான். நண்டு! அடுக்களையில் என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வாயைத் தொறந்து நாம பேசினாத்தானேடா அது பேசும்? ஊமை வீடாட்டம் வெச்சிருக்கீங்களே!" என்று அம்மா என்னைத்தான் கடிந்தார். அவர் வாய் ஓய்ந்ததில்லை. குக்கர் கூவும் ஒலியை எண்ணுவார், மாடத்துப் புறாவைச் சுட்டுவார், தேங்காய்ச் சிரட்டையைத் துண்டுக்கடியில் ஒளித்து, "எங்கே போச்சு?" என்று வியப்பார். கண்ணுக்கு மறைந்த பொருளும் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்பதைக் குழந்தை முதலாண்டிலேயே அறியத் தொடங்குவதைச் சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே விரிவாக ஆராய்ந்தார். அவர் ஒளித்து வைத்துச் சோதித்ததும் இதே முறையில்தான். அம்மாவுக்கு அவரைத் தெரியாது, சொன்னால் சிரித்திருப்பார்.

மூன்று வயதில் மகன் இரு சொற்களைக் கோத்துப் பேசலானான். பயிற்சியாளருக்கு எவ்வளவு பங்கு, பாட்டிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிட எனக்கு விருப்பமில்லை. இன்றும் அவசரத்தில் அவனுக்குச் சொற்கள் தடுமாறும்.

2021இல் அம்மா மறைந்தார். 2024இல் மகள் பிறந்தபோது, ஆடிக்காட்ட வீட்டில் பாட்டி இல்லை. அலுவலகத்திலிருந்து வந்ததும் கைகால் கழுவித் தரையில் அமர்ந்து, நினைவிலிருந்ததையெல்லாம் நானே ஆடிக் காட்டினேன். பழைய பிள்ளைத்தமிழ் ஏட்டையும் எடுத்துப் புரட்டினேன். ஐந்தாம் திங்களில் செங்கீரை. கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுதல். ஒன்பதாம் திங்களில் சப்பாணி, கை கொட்டுதல். மகள் ஒன்பதாம் திங்களில் இரு கைகளையும் கொட்டினாள், முதலில் ஒன்றோடொன்று படாமல், பிறகு ஓசையெழ. பழம்புலவர்கள் தொட்டிலருகே அமர்ந்துதான் கணக்கிட்டிருக்க வேண்டும்!

ஒரு மாலை வீடு திரும்பியபோது, மகன் தங்கையின் கையை விரித்துப் பருப்புக் கடைந்துகொண்டிருந்தான். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, பாட்டிக்கு என்று விரல்களை மடக்கினான். நண்டு ஏறியது. அக்குளருகே நின்றது. அவள் அண்ணன் முகத்தையே பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவருகிலேயே, காலணியைக் கழற்றாமல் நின்றேன்.