பெரியவர்களுக்குக் கேட்காத குரல்

ஜோனதன் ஸ்ட்ரவுடின் 'லாக்வுட் அண்ட் கோ' நாவல்களில் பொழுது சாய்ந்ததும் லண்டன் கதவைச் சாத்திக்கொள்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நாடு முழுக்க ஆவிகளின் நடமாட்டம். அவற்றின் கை மேலே பட்டால் உயிர் போய்விடும். அவற்றைத் தெளிவாகக் காணவும் கேட்கவும் முடிந்தவர்கள் சிறுவர் சிறுமியர்தான். வயது ஏற ஏற அந்தத் திறன் மங்கிவிடும். அதனால் ஊரைக் காக்கும் வேலை அவர்கள் தலையில் விழுகிறது. முனையில் இரும்பு பதித்த ஈட்டியோடு சின்னப் பிள்ளைகள் இராக்காவல் நிற்கிறார்கள். பெரியவர்கள் நிறுவனம் நடத்துகிறார்கள், சம்பளம் கொடுக்கிறார்கள், இருட்டினால் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள்.

2013 முதல் 2017 வரை வந்த இந்த ஐந்து நாவல்களிலும் ஆவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் என்னை உலுக்கியது இந்த ஏற்பாடுதான். கதை சொல்லும் லூசி கார்லைல் சிறுமியாக இருக்கும்போதே வேலைக்கு அனுப்பப்பட்டவள். ஓர் ஆலையில் ஏதோ பெரிய ஆபத்து இருப்பதாக அவள் மனதுக்குப் படுகிறது. உடன் வந்த மேற்பார்வையாளர் ஜேக்கப்ஸ் உள்ளேயே வரவில்லை. கூட்டாளிகளை அங்கே பறிகொடுத்தவள், விசாரணையில் தன் சொல் எடுபடாமல் போவதையும் பார்க்கிறாள். ஊரைவிட்டு லண்டனுக்கு வந்து, பெரியவர் ஒருவர்கூட இல்லாத லாக்வுட்டின் குட்டி நிறுவனத்தில் சேர்கிறாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் இந்த இடத்தைப் படித்துவிட்டு, "பேயெல்லாம்கூடப் பரவாயில்ல சித்தி, அந்த ஜேக்கப்ஸ்தான் பயமா இருக்கு" என்றாள். நூறு பக்க விமர்சனத்துக்குப் பதில் எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

இந்த வயதுக்கான நல்ல ஆவி நாவல்கள் எல்லாமே ஏறக்குறைய இந்த வேரிலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் எண்ணம். பதின்மூன்று பதினான்கு வயதில் வீட்டில் நடப்பதெல்லாம் புரியத் தொடங்குகிறது. யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். பாதிப் பேச்சில் நிறுத்துவார்கள், பெயரொன்று வந்தால் முகம் மாறுவார்கள், ஒரு அறை பூட்டியே கிடக்கும். கேட்டால், உனக்கு எதுக்கு அதெல்லாம் என்பார்கள். ஆவி என்பது அப்படி மறைக்கப்பட்ட ஒன்று வாய் திறப்பது. லாக்வுட் வரிசையின் முதல் நாவலில் ஆனி வார்டு என்ற பெண்ணின் ஆவி அப்படித்தான் வருகிறது. அவளைக் கொன்று சுவருக்குள் மறைத்துப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. கொன்றவன் யார் என்று துப்புத் துலக்குவது கதையின் ஓட்டம். அவள் குரலை முதலில் காது கொடுத்துக் கேட்டது இன்னொரு இளம்பெண் என்பதுதான் கதையின் உயிர்.

ஸ்ட்ரவுட் தன் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் ஆயுதங்களையும் சொல்ல வேண்டும். இரும்புச் சங்கிலி, உப்பு, வெள்ளி, லாவெண்டர், ஓடும் தண்ணீர். அத்தனையும் ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கைகளில் ஊறியவை. இருட்டில் கறிச்சோறு கொண்டுபோகிறவர்களிடம் ஒரு இரும்புத் துண்டையோ அடுப்புக்கரியையோ கொடுத்தனுப்பும் நம் பாட்டிகளுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். அந்த ஆயுதங்களுக்கும் கறாரான விதிகள் உண்டு. ஆவி எந்தப் பொருளைப் பற்றி நிற்கிறதோ அதைத் தேடிக் கண்டுபிடித்து வெள்ளியால் மூட வேண்டும். கண்டுபிடிக்காதவரை வாளைச் சுழற்றி எத்தனை முறை விரட்டினாலும் திரும்பி வரும். இதனால் ஒவ்வொரு வேட்டையும் ஒரு துப்பறியும் கதையாகிவிடுகிறது. நூலகத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைப் புரட்டும் கூட்டாளி ஜார்ஜ் இல்லாவிட்டால் வாள் வீசும் லாக்வுட் பிழைக்கமாட்டான். இளம் வாசகரை மதிக்கிற எழுத்து இது. 2023இல் நெட்ஃபிளிக்ஸ் இதைத் தொடராக எடுத்து, ஒரே பருவத்தோடு நிறுத்திவிட்டது. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

பிள்ளைகள் பயந்துவிடுவார்களே என்று அக்கா கேட்டாள். பயப்படட்டும். பயத்தை ஒரு நூலுக்குள் சந்தித்து, விளக்கணைத்து, மறுநாள் அதைப் பற்றி யாரிடமாவது பேச முடிகிற பிள்ளைக்குக் கெடுதல் எதுவும் வராது. கவலைப்பட வேண்டிய நூல்கள் வேறு வகை. அவற்றில் ஆவிக்கு ஒரு காரணமும் இருக்காது; கதவு படபடக்கும், ரத்தம் வழியும், முடிந்துவிடும்.

ஸ்ட்ரவுடின் வழியிலிருந்து விலகி, இன்னும் ஆழத்துக்குப் போன ஒரு நாவல் உண்டு. ராபர்ட் வெஸ்டால் எழுதி 1981இல் வந்த 'தி ஸ்கேர்குரோஸ்'. பதின்மூன்று வயது சைமனின் தந்தை ராணுவத்தில் இருந்து இறந்தவர். தாய் மறுமணம் செய்துகொள்கிறாள். மாற்றாந்தந்தை நல்ல மனிதர், அதனாலேயே சைமனுக்கு அவர்மீது வெறுப்பு கூடுகிறது. வயலுக்கு அந்தப் பக்கம் பாழடைந்த ஆலை, அங்கே எப்போதோ நடந்த ஒரு கொலை. அங்கிருந்து மூன்று சோளக்கொல்லை பொம்மைகள் சிறிது சிறிதாக வீட்டை நோக்கி நெருங்குகின்றன. அவற்றை அழைத்து வருவது சைமனின் வெறுப்பே. ஸ்ட்ரவுடிடம் குற்றம் பெரியவர்களுடையது. வெஸ்டால் அந்தச் சௌகரியத்தைப் பிள்ளைக்குத் தருவதில்லை. உன் கோபத்தாலும் ஒரு வீடு அழியக்கூடும் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். பதின்வயதினரை இவ்வளவு பொறுப்புள்ளவர்களாக நடத்திய ஆவிக்கதையை நான் வேறு படித்ததில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் இதைக் கொடுக்கமாட்டேன். அப்பாவை அண்மையில் இழந்த பிள்ளையாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிக்க வேண்டிய நூல். என் அக்கா மகளுக்கு அடுத்து இதைத்தான் கொடுத்திருக்கிறேன். அவள் முடித்ததும் அக்காவும் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.