மூன்றாவது கம்பி

கலைப்பீட மாணவனொருவன் மின்சுற்றைப் பற்றி எழுதப் புகுவது துறை மீறிய துணிவென்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், சென்ற வெங்காயப் போகத்தில் மூன்று வாரங்களாக என் பாடநூல்களைக் காட்டிலும் என்னை ஆட்கொண்டிருந்தது ஒரு சுற்றுப்பலகையே. அது என் தம்பியினுடையது. அதை நம்பியிருந்ததோ ஐயாவின் தோட்டம்.

அளவெட்டியை வெளியூரார் தவிலாலும் நாதஸ்வரத்தாலும் அறிவர். தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் வாழ்ந்த ஊர். மகாகவி உருத்திரமூர்த்தியின் ஊருமாம். எங்கள் வீட்டுக்கோ அது முதலில் செம்மண்ணும் கிணறும். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக் கற்பாறையின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே குடிப்பதற்கும் இறைப்பதற்கும் ஆதாரம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. மோட்டருக்குக் களைப்பில்லை, தண்ணீர் வற்றிய பின்னும் ஓடும், ஓடி எரியும். முந்திய ஆண்டில் எங்கள் மோட்டர் அவ்வாறே எரிந்தது. அதன் சுருளைத் திரும்பச் சுற்றுவித்துக் கொண்டு வருவதற்குள் இரண்டு பரப்பு வெங்காயம் வாடிப்போயிற்று.

உயர்தரத்தில் தொழினுட்பம் பயிலும் தம்பி இதற்கொரு பரிகாரம் கண்டான். காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பி, அது எதிரொலித்து வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் உணரியொன்றைக் கிணற்றினுள் கட்டித் தொங்கவிட்டான். மோட்டர் அறையில் ஓர் ஆர்டுயினோ பலகை. அங்கிருந்து வீட்டு அறையிலிருந்த பழைய மடிக்கணினி வரை இரட்டைக் கம்பி. பலகை பேச ஒன்று, கணினி பேச ஒன்று. தண்ணீர் உணரியிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் கீழே நிற்கிறது என்பதைப் பலகை செக்கனுக்கொரு தடவை சொல்லும். முந்நூறைத் தாண்டினால் மோட்டரை நிறுத்துமாறு கணினி கட்டளையிடும். மேசையில் வைத்துப் பார்த்தபோது ஒரு பிழையுமில்லை. கிணற்றடிக்குப் போனதும் பேச்சுக் குழறிற்று. எண்களுக்கு நடுவே கேள்விக்குறிகளும் பொருளற்ற எழுத்துகளும் வந்து விழுந்தன.

அவற்றால் கேடில்லை, பிழையென்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். கேடு வேறிடத்திலிருந்தது. ஒருநாள் மாலை பலகை 312 என்று அனுப்பியது, கடைசி இலக்கம் வழியில் தொலைந்து, 31 என்று வந்து சேர்ந்தது. வற்றிய கிணறு நிறைந்த கிணறாகக் கணினிக்குத் தோன்றிற்று. மோட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது. திண்ணையிலிருந்த ஐயா சத்தம் மாறியதைக் கேட்டு ஓடிப்போய் நிறுத்தினார்.

"உன்ர கொம்பியூட்டர் தண்ணி இருக்கெண்டு சொல்லுது, கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்தா ஒண்டுமில்லை. இதைக் கழட்டி வையடா தம்பி" என்றார். தம்பி பதில் சொல்லவில்லை. அன்றிரவு அவன் சாப்பிடவுமில்லை. ஒரு வாரத் தவணை கேட்டு ஐயாவிடம் தூது போனவன் நான்.

இந்தத் தொடர்பாடலின் இயல்பை அவன் எனக்கு விளக்கியபோது, எங்கள் ஊர்க் கோயில் வீதியில் கேட்ட மேளக் கச்சேரியே என் நினைவில் எழுந்தது. பலகைக்கும் கணினிக்கும் பொதுவான மணிக்கூடு கிடையாது. சும்மா கிடக்கும் கம்பி உயர் மின்னழுத்தத்தில் நிற்கும். அது தாழ்ந்தால் எடுப்பு. அந்தக் கணத்திலிருந்து கேட்பவர் தம் சொந்தக் கணக்கில் எட்டுத் துடிப்புகளை எண்ணி வாங்குவார். ஒன்பதாவதாக ஓர் ஓய்வு. அடுத்த எழுத்துக்கு மறுபடியும் எடுப்பு. செக்கனுக்கு 9600 என்ற வேகத்தில் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 104 மைக்கிரோசெக்கன். இரு தரப்பாரின் காலப்பிரமாணமும் நூற்றுக்கு ஐந்தளவில் வேறுபட்டாலே கடைசித் துடிப்பில் தாளம் தவறிவிடும். இவ்வேகத்தைக் குறிக்கும் 'போட்' என்ற அலகு பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளர் எமில் போடோவின் (1845–1903) பெயரால் வந்தது. அவருடைய கருவியில், இயந்திரம் தட்டும் காலத்துக்கு இசையவே தந்தியாளர் ஐந்து விசைகளையும் அழுத்த வேண்டியிருந்ததாம்.

ஆகவே முதலில் வேகத்தின் மீது ஐயுற்றோம். குறைத்துப் பார்த்தோம், குழறல் குறையவில்லை. பிறகு கம்பியின் மீது. பலகைப் பக்கத்து நுனிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுக் கணினியில் எழுதினால், எழுதியது அப்படியே திரும்பி வரவேண்டும். வந்தது, ஓர் எழுத்தும் பிசகாமல். கம்பி நல்லது, கணினி நல்லது; எனவே பலகையே பழுதென்று முடிவுகட்டிப் புதிய பலகை வாங்கினோம். காசு போயிற்று, குழறல் போகவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை குறிப்பெடுப்பது. நாள், நேரம், எது எதனோடு இணைந்திருந்தது, பேச்சு எப்படி என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். நான்காம் நாள் அதைப் புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. நன்றாகப் பேசிய வேளைகளிலெல்லாம் பலகை கணினியிடமிருந்தே யூ.எஸ்.பி. கம்பி வழியாக மின்சாரம் பெற்றிருந்தது. குழறிய வேளைகளிலெல்லாம் மோட்டர் அறையில் அதற்குத் தனி மின்வழங்கி இருந்தது.

தம்பி சிறிது நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். 5 வோல்ற்று என்றால் எதிலிருந்து 5? மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கிடையிலான வேறுபாடு. பலகை தன் பூச்சியத்திலிருந்து 5 என்று சொல்ல, கணினி தன் பூச்சியத்திலிருந்து அதை அளந்திருக்கிறது. இரு பூச்சியங்களையும் இணைக்கும் மூன்றாவது கம்பி போடப்படவேயில்லை. மேசையில் யூ.எஸ்.பி. கம்பி அந்த இணைப்பை எங்களுக்குத் தெரியாமலே தந்திருந்தது. நுனிகளை முறுக்கிய சோதனை ஏமாற்றியதும் இதனாலேயே. அங்கே பேசியதும் கேட்டதும் ஒரே கணினி. தன்னோடு தான் பேசுபவருக்குப் பூச்சியம் ஒன்றுதானே. ஒலியன்கள் வேறுபாட்டினாலேயே பொருள் தருவன என்று மொழியியல் வகுப்பில் மனனம் செய்திருந்தும் எனக்கு இது தோன்றவில்லை.

கொடிக் கம்பியொன்றை அவிழ்த்துக் கிணற்றடி வரை இழுத்து இரு பூச்சியங்களையும் இணைத்தோம். குழறல் நின்றது. அம்மாவின் துணிகள் அன்று வேலியில் காய்ந்தன.

எனினும் மோட்டர் தொடங்கும் கணத்தில் மட்டும் ஓரிரு எழுத்துகள் சிதறின. அந்த நீளத்துக்கு 5 வோல்ற்றுப் பேச்சு மெலிந்த பேச்சு. அதற்கு ஆர்.எஸ். 485 என்ற முறையைக் கையாண்டோம். 1983 இல் வகுக்கப்பட்ட நியமம் அது. ஒரே செய்தியை ஒன்றுக்கொன்று எதிரான வடிவில் இரண்டு முறுக்கிய கம்பிகளில் அனுப்புவர். மோட்டரின் இரைச்சல் இரண்டிலும் ஒரேயளவாக ஏறும். பெறுபவர் வேறுபாட்டை மட்டும் எடுப்பதால் அது கழிந்துவிடும். மூன்றாவது கம்பியை இம்முறை மறக்கவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் இலக்கங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்தோம். தொகை பொருந்தாத வரியைக் கணினி தள்ளிவிடும். மோட்டரை நிறுத்தும் பொறுப்பைக் கணினியிடமிருந்து எடுத்துப் பலகையிடமே கொடுத்தான் தம்பி. முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம், அவனிடம் சொல்லவில்லை.

அப்போக வெங்காயம் தப்பியது. ஐயா இப்போதும் மோட்டர் ஓடும்போது திண்ணையிலிருந்து காது கொடுத்தபடியே இருக்கிறார். தம்பிக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. தண்ணீர் வற்றும்போது சத்தம் எப்படி மாறுமென்று அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருக்கிறான். ஒலிவாங்கியொன்று மலிவாகக் கிடைக்குமா என்று சென்ற கிழமை என்னிடம் விசாரித்தான்.